தாம்பரத்து மழைக்காலம்: தெருவில் நின்று உடுப்பு பார்ப்பது எப்படி?

இந்த வேலைக்கு வேண்டியவை ஒரு சின்ன நோட்டு, ஒரு பென்சில், பத்து ரூபாய் பிளாட்ஃபாரம் டிக்கெட், நனைந்தாலும் கவலைப்படாத ஒரு ஜோடிச் செருப்பு. கேமரா வேண்டாம். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

தெருவில் வேடிக்கை பார்க்க நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. ஆனால் பார்த்ததை வைத்துக் கதை எழுதவோ, படம் வரையவோ, துணி வடிவமைக்கவோ நினைப்பவருக்கு வேடிக்கை மட்டும் பற்றாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் ‘ஒரே கூட்டம், கலர் கலரா டிரஸ்’ என்பதற்கு மேல் ஒரு வரி ஓடாது. அந்த ஒரு வரி ஒரு பக்கமாக நீள்வதற்கான பயிற்சிதான் இந்த அத்தியாயம்.

பிரான்ஸின் சிறுநகரங்களில் அக்டோபர் பிறந்தால் கோட்டும் கழுத்துத் துணியும் பெட்டியிலிருந்து வெளியே வரும். கஃபே வாசலில் நாற்காலிகளைத் தெருவைப் பார்த்துப் போட்டிருப்பார்கள். ஒரு காபியை வைத்துக்கொண்டு ஊரையே அளக்கலாம். நமக்கு இலையுதிர்காலம் கிடையாது. அதே மாதங்களில் இங்கே வடகிழக்குப் பருவமழை. வழக்கமாக அக்டோபர் 20-ஐ ஒட்டித் தொடங்கி டிசம்பர் வரை பெய்கிறது. உடுப்பு பார்க்க இதைவிட நல்ல காலம் சென்னையின் தெற்குப் புறநகரில் இல்லை என்பேன். கோடையில் எல்லோரும் வாங்கிய துணியை வாங்கியபடியே போட்டுக்கொண்டு நிழல் தேடி ஓடுகிறார்கள். மழைக்காலத்தில் ஒவ்வொருவரும் தன் துணியை ஏதாவது செய்தாக வேண்டியிருக்கிறது. மடிக்கிறார்கள், செருகுகிறார்கள், முடிச்சுப் போடுகிறார்கள், கவரைச் சுற்றுகிறார்கள். அந்தக் கைவேலைதான் நாம் குறிக்கப்போவது. என்ன பிராண்டு, என்ன விலை என்பதெல்லாம் நமக்கு வேண்டாம்.

எப்போது போவது?

ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மூன்றும் மூன்று தெருக்கள். ஒரே இடத்தில் நின்றாலும் வேறு வேறு ஆட்கள் வருவதுபோல் இருக்கும்.

ஐப்பசியில் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் கட்டைப்பைகளின் காலம். குரோம்பேட்டை ஜி.எஸ்.டி. சாலையில் சரவணா ஸ்டோர்ஸும் போத்தீஸும் வந்த பிறகு, தீபாவளித் துணிக்குத் தியாகராய நகர் போயே தீரவேண்டும் என்ற கட்டாயம் இந்தப் பக்கத்துக் குடும்பங்களுக்கு இல்லை. மழையில் தான் நனைந்தாலும் துணிப்பை நனையக்கூடாது என்று அதை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வரும் அம்மாக்களைப் பார்க்கலாம். தீபாவளி முடிந்த அடுத்த வேலைநாளைத் தவறவிடாதீர்கள். புதுச் சட்டையின் காலர் ஓரத்தில் பொட்டளவு மஞ்சள் ஒட்டியிருக்கும். அதைத் துவைத்துப் போக்க அவசரப்படாதவர்கள் யார், தடவியதே தெரியாமல் உள்பக்கம் வைத்துக்கொண்டவர்கள் யார் என்று குறித்தால் அதுவே ஒரு கட்டுரைக்குத் தேறும்.

நவம்பர் நடுவில் கார்த்திகை முதல் தேதி. ஒரே இரவில் தெருவில் கறுப்பும் நீலமும் காவியும் ஏறிவிடும். ஐயப்பனுக்கு மாலை போட்டவர் அலுவலகம் போகும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். கறுப்பு வேட்டியிலேயே போகிறவர் உண்டு. கறுப்பு பேண்ட், கறுப்புச் சட்டை, தோளில் ஒரு துண்டு என்று பாதி வழி இறங்கி வருபவர் உண்டு. மாலையைச் சட்டைக்குள் விட்டு, ஐடி கார்டை வெளியே தொங்கவிடுபவர் உண்டு. செருப்பில்லாமல் சேற்றில் நடந்து வந்த கால், மின்ரயிலில் பளபளக்கும் ஷூக்களுக்கு நடுவே நிற்கும்.

மார்கழியில் குல்லா. வெப்பநிலை 22 டிகிரிக்கு இறங்கினாலே நமக்கு ஸ்வெட்டர் வேண்டும். வெளியூர்க்காரர் சிரித்தால் சிரிக்கட்டும். காலை நடை போகும் பெரியவர்கள் மங்கி கேப்பை மாட்டிக்கொண்டு, கீழே அரைக்கால் டிரவுசரோடு நடப்பார்கள். தலைக்கு ஒரு பருவம், காலுக்கு இன்னொரு பருவம். தலைப்பூவும் இந்த மாதங்களில் மாறும். பனி இறங்க இறங்க மல்லி வரத்துக் குறைந்து விலை ஏறிவிடும். அந்த இடத்துக்குக் கனகாம்பரமும் சாமந்தியும் ஊதா நிற டிசம்பர் பூவும் வரும். டிசம்பர் பூவைக் காசு கொடுத்து வாங்குவதைவிட வீட்டு வாசலில் பறித்துக் கட்டுவதுதான் வழக்கம். அதனால் அதைச் சூடியவர் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ இன்னும் மண் தரை மிச்சமிருக்கிறது என்று ஊகிக்கலாம்.

நேரம்: காலை ஏழரையிலிருந்து ஒன்பதரை வரை, மாலை ஐந்தரையிலிருந்து எட்டு வரை. குடியிருப்புத் தெருக்களுக்கு மட்டும் காலை ஆறு மணிக்கே போய்விடுங்கள். நைட்டியின் மேல் ஷாலோ துண்டோ போட்டுக்கொண்டு பால் பாக்கெட் வாங்க வரும் காட்சி ஏழு மணிக்கு மேல் கிடைக்காது. நைட்டி வீட்டுக்குள் உடுத்துவது. அந்த ஒரு துண்டு தோளில் ஏறியதும் தெருமுனைக் கடை வரை போக அனுமதி கிடைத்துவிடுகிறது. மெயின் ரோட்டைத் தாண்ட அது செல்லாது. எந்தத் தெருவில் அந்த எல்லை எங்கே இருக்கிறது என்று பார்த்து வையுங்கள்.

எங்கே நிற்பது?

பிரான்ஸ்போல நாற்காலி கிடைக்காது. நம் டீக்கடையில் நின்றுகொண்டுதான் குடிக்க வேண்டும். ஆனால் கையில் டீ கிளாஸ் இருக்கும்வரை உங்களை யாரும் ஏன் நிற்கிறீர்கள் என்று கேட்கமாட்டார்கள்.

முதல் நாளுக்கு மேற்குத் தாம்பரம். நடைமேம்பாலப் படி இறங்கும் இடத்துக்கு எதிரே, வழியை மறிக்காமல் நில்லுங்கள். படியில் இறங்குகிறவர் கண் காலடியில்தான் இருக்கும். நீங்கள் பார்ப்பது அவருக்குத் தெரியாது, உங்களுக்கோ செருப்பு முதலில் தெரியும். பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்ரயில் ஓடத் தொடங்கியது 1931-இல். அலுவலகம் போகும் உடுப்பு இந்த வழித்தடத்தில் நான்கு தலைமுறையாகக் கசங்கிக்கொண்டிருக்கிறது. 2025 ஏப்ரல் 19 முதல் ஏ.சி. மின்ரயிலும் ஓடுகிறது. அது வரும் நேரத்தைத் தெரிந்துகொண்டு, அதில் இறங்குகிறவர்களையும் அதற்கு முந்தைய சாதாரண வண்டியில் இறங்குகிறவர்களையும் ஒப்பிட்டுப் பாருங்கள். சட்டையின் முதுகைப் பார்த்தாலே யார் எதில் வந்தார் என்று தெரியும்.

நடைமேடையில் நிற்பதானால் பிளாட்ஃபாரம் டிக்கெட் எடுங்கள். இரண்டு மணி நேரம் செல்லும். தாம்பரம் இன்று நெடுந்தூர வண்டிகள் புறப்படும் முனையமும்கூட. வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ராமேசுவரத்திலிருந்தும் வந்து இறங்குகிறவர்கள் ஒரே மேம்பாலத்தில் ஏறுகிறார்கள். கட்டம்போட்ட பருத்தித் துண்டு ஒருவருக்குத் தலைப்பாகை, இன்னொருவருக்கு மூட்டை கட்டும் கயிறு, மூன்றாமவருக்கு முகம் துடைக்க.

சண்முகம் சாலையில் காய்கறிக் கடைகளும் நடைபாதைத் துணிக்கடைகளும் நெருக்கியடித்து இருக்கும். இங்கே நிற்க முடியாது; நகர்ந்துகொண்டே பார்க்க வேண்டும். புதிதாகத் தொடங்குபவருக்குக் கடினம். கிழக்குப் பக்கம் போனால் ஆட்கள் மாறுவார்கள். கிறித்தவக் கல்லூரி 1937-இல் ஜார்ஜ் டவுனைவிட்டு இங்கே வந்ததிலிருந்து அந்தப் பக்கத்துக்கு மாணவர் கூட்டம் உண்டு. ஜோல்னாப் பையும் கைத்தறிக் குர்தாவும் இன்னும் அங்கே முழுசாக வழக்கொழியவில்லை.

சானடோரியத்தில் மெப்ஸ் வாசல் மாலை நேரத்துக்கு. இந்த ஏற்றுமதி மண்டலம் 1984-இல் வந்தது. ஷிஃப்ட் விட்டதும் பெண்கள் கூட்டமாக வெளியே வருவார்கள். சாப்பாட்டுப் பை, குடை, தண்ணீர் பாட்டில் மூன்றையும் ஒரே தோளில் மாட்டுவதற்கு அவர்களிடம் ஒரு வரிசை இருக்கிறது, அதைப் பாருங்கள். கேட்டுக்கு நேர் எதிரே நிற்காமல் பேருந்து நிறுத்தத்தில் நில்லுங்கள்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குத் தனியாக ஒரு நாள் ஒதுக்குங்கள். கண்டோன்மென்ட் ஊரின் பழைய சந்தை. செடி, புறா, பழைய ஃபேன், கருவாடு, செல்போன் உதிரி எல்லாம் டிரங்க் ரோட்டில் பரப்பிக் கிடக்கும். பழைய துணிக் குவியல் பக்கம் போய் நின்றால், ஒருவர் சட்டையைத் தேர்ந்தெடுக்கும் முறையைப் பக்கத்தில் பார்க்கலாம். முதலில் அக்குளைப் பார்ப்பார். பிறகு காலரின் உள்மடிப்பை விரலால் தடவுவார். பொத்தானை எண்ணுவது கடைசியில். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை வராது.

நேரம் இருந்தால் பக்கத்திலேயே அனகாபுத்தூர். நெசவாளர் ஊர். இங்கே நெய்த கட்டம்போட்ட துணி ஒரு காலத்தில் நைஜீரியாவுக்குக் கப்பலேறியது. அந்தச் சந்தை மூடியபின் பல தறிகள் நின்றன. இப்போது வாழைநார் கலந்த சேலைக்குப் பெயர் எடுத்திருக்கிறது. கட்டம்போட்ட ‘மெட்ராஸ்’ துணி 1958-இல் அமெரிக்காவின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் கடைக்குப் போய், துவைத்ததும் சாயம் இறங்கி, பிறகு சாயம் இறங்குவதையே பெருமையாகச் சொல்லி விற்றார்கள் என்று துணி வியாபாரத்தில் ஒரு கதை உண்டு. மழையில் நனைந்த கைலியிலிருந்து காலில் நீலம் வழிவதைப் பார்க்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பண்டிகைக்கு முந்தைய இரவு பார்க்க வேண்டுமானால் கிளாம்பாக்கம். 2023 டிசம்பர் 30-இல் திறந்த பேருந்து முனையம். ஊருக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் நீங்களும் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது அவர்களுக்கு இடைஞ்சல் என்பதை மட்டும் மறக்காதீர்கள். அரைமணி போதும்.

நீங்கள் என்ன உடுத்துவது?

நியூயார்க் டைம்ஸுக்காகப் பல பத்தாண்டுகள் தெரு உடைகளைப் படமெடுத்த பில் கன்னிங்ஹாம் போட்டுக்கொண்டது பிரெஞ்சுத் தொழிலாளிகளின் நீல நிறச் சட்டை, சுற்றியது சைக்கிளில். நம் ஊருக்கு அதைப் பெயர்த்தால்: நிறம் மங்கிய அரைக்கைச் சட்டை அல்லது சாதாரணக் காட்டன் சுடிதார், ரப்பர் செருப்பு, கையில் ஒரு துணிப்பை. பையிலிருந்து ஒரு கொத்து கீரை வெளியே எட்டிப் பார்த்தால் இன்னும் நல்லது. கறுப்புக் கண்ணாடி, கழுத்தில் கேமரா, டிராவல் பேக் இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் எல்லோரும் உங்களைத்தான் வேடிக்கை பார்ப்பார்கள்.

வேலை முறை

1. போனதும் பத்து நிமிடம் எதையும் எழுதாதீர்கள். கூட்டத்தின் வேகம் கண்ணுக்குப் பழகட்டும்.

2. கீழிருந்து மேலே பாருங்கள்: காலடி, கணுக்கால், இடுப்பு, கை, தோள், தலை. முகத்தைக் கடைசியில். முகத்தில் தொடங்கினால் அங்கேயே நின்றுவிடுவோம், எதிராளிக்கும் உறுத்தும்.

3. ஒருவரிடம் ஒரே ஒரு விஷயத்தை எடுங்கள். மடித்த பேண்டா, கவர் சுற்றிய செல்போனா, காலரில் தொங்கும் குடையா. முழு ஆளையும் எழுத முயன்றால் அவர் அதற்குள் ஷேர் ஆட்டோ ஏறிப் போயிருப்பார்.

4. பார்த்ததை அங்கேயே எழுதாமல், நாலைந்து பேரை மனதில் வைத்துக்கொண்டு திரும்பி நின்று எழுதுங்கள். காய்கறிக் கணக்கு எழுதுவதுபோல் இருக்கட்டும்.

5. ஒவ்வொரு குறிப்பிலும் நேரம், இடம், மழையின் நிலை மூன்றும் இருக்க வேண்டும். தூறலா, கொட்டுகிறதா, விட்டுவிட்டதா என்பது இல்லாத குறிப்பு பின்னால் ஒன்றுக்கும் உதவாது.

6. கடைசிக் கால் மணி நேரத்தை ஒரே கேள்விக்கு ஒதுக்குங்கள். ‘ஷூவைக் கவரில் போட்டுக் கையில் எடுத்துப் போகிறவர் எத்தனை பேர்?’ என்பதுபோல. புள்ளி வைத்து எண்ணுங்கள்.

ஒரு குறிப்பு இப்படி இருந்தால் போதும்:

செவ்வாய் காலை 8.40. மே. தாம்பரம், படி இறக்கம். தூறல். ஆண், 50 இருக்கும். ரப்பர் செருப்பு, கையில் கவர், உள்ளே கறுப்பு ஷூ, சாக்ஸ் ஷூவுக்குள். பேண்ட் இரண்டு மடிப்பு, இடதுகால் அவிழ்ந்துவிட்டது, தெரியவில்லை. நீளக் குடை சட்டைக் காலரில் பின்னால் தொங்குகிறது, தூறலுக்கு விரிக்கவில்லை.

இதில் ‘எளிய மனிதர்’, ‘நடுத்தர வர்க்கம்’ என்று ஒரு சொல்லும் இல்லை. அவையெல்லாம் எழுதும்போது தானாக வரட்டும், அல்லது வராமலே போகட்டும்.

எழுத ஜெல் பேனா உதவாது. ஒரு துளி பட்டால் பக்கமே நீலக் குட்டை. பென்சிலுக்கு மழை பயமில்லை. நோட்டை ஜிப் கவரில் வையுங்கள்.

காலிலிருந்து தலைவரை: எதைத் தேடுவது?

காலடியில் முதலில் சேறு. ஹவாய் செருப்பு போட்டு வேகமாக நடக்கிறவரின் பேண்டுக்குப் பின்பக்கம் முழங்கால்வரை புள்ளி தெறித்திருக்கும். நிதானமாக நடப்பவருக்கு அது கணுக்காலோடு நின்றுவிடும். நடை வேகத்தை ஆள் போன பிறகும் படிக்கலாம் என்பது இந்த மாதங்களின் வசதி. ரப்பரில் துளை போட்ட க்ராக்ஸ் வகைச் செருப்பு இப்போது பள்ளிப்பிள்ளை முதல் தாத்தாவரை எல்லோர் காலிலும் இருக்கிறது. தண்ணீர் உள்ளே வந்து வெளியே போய்விடும். அதோடு சாக்ஸ் போட்டிருப்பவரைக் கண்டால் தனியாகக் குறியுங்கள்.

அடுத்தது மடிப்பு. வேட்டியை மடித்துக் கட்டுவதில் ஆளுக்கு ஓர் உயரம். தண்ணீரைக் கண்டதும் உயர்த்தி, தெரிந்த பெரியவரைக் கண்டதும் அவிழ்த்துவிடுவதை ஒரே நிமிடத்தில் பார்க்கலாம். சேலையில் கொசுவத்தின் முன்பகுதியைத் தூக்கி இடுப்பில் செருகுகிறவர் உண்டு. இடது கையால் பிடித்துக்கொண்டே நடப்பவர் உண்டு. கையால் பிடிப்பவர் குடையையும் பையையும் ஒரே கையில் சமாளிக்க வேண்டும். சேலையின் ஃபால்ஸ் பட்டையில் ஈரம் எத்தனை விரல் ஏறியிருக்கிறது என்பது அவர் வந்த தெருவின் தண்ணீர் அளவு. பழைய விகடன் இதழ்கள் கிடைத்தால் கோபுலுவின் கோடுகளைப் பாருங்கள். வேட்டி கட்டிய விதத்தைப் பார்த்தே அந்த ஆள் என்ன தொழில், எந்த மனநிலை என்று சொல்லிவிடலாம். முகத்துக்குப் போகவே தேவையிருக்காது.

கட்டட வேலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்களின் முழுக்கைச் சட்டை போட்டிருப்பார்கள். வெயிலுக்கும் சிமெண்டுக்கும் போட்டது, மழைக்கும் ஆகிறது. பொத்தான்களில் எதைப் போட்டு எதை விட்டிருக்கிறார்கள், கையை எத்தனை மடிப்பு மடித்திருக்கிறார்கள் என்பதில்தான் ஆளுக்கு ஆள் வித்தியாசம். தலையில் துண்டு, அது சும்மாடாகும்போது ஒரு சுற்று, மழைக்கு வேறு சுற்று.

வண்டி ஓட்டும் பெண்களின் ஷால் ஒரு தனிப் பாடம். முகத்தைச் சுற்றி, காதுக்குப் பின்னால் இழுத்து, பின்கழுத்தில் முடிச்சு. கண் மட்டும் தெரியும். அதன்மேல் ஹெல்மெட். சிக்னலில் நின்றதும் ஒரு விரலை உள்ளே விட்டு மூக்குப் பக்கம் தளர்த்திக்கொள்வார்கள். மழை வந்தால் இந்தக் கட்டு ஈரமாகி மூச்சை அடைக்கும் என்பதால் சிலர் ஷாலை அவிழ்த்துப் பைக்குள் போட்டு ரெயின்கோட்டின் தொப்பியை இழுத்துக்கொள்கிறார்கள். எந்தத் தூறலில் அந்த முடிவை எடுக்கிறார்கள் என்று பாருங்கள்.

ரெயின்கோட்டின் நிறங்கள் பெரும்பாலும் கருநீலமும் கறுப்பும்தான். அங்கே நேரத்தை வீணாக்காதீர்கள். உள்ளே பள்ளிப் பையோடு கோட் போட்ட பிள்ளைகளின் முதுகுக் கூன் மட்டும் பார்க்கத் தக்கது. அதைவிட, கோட் போடாதவர்கள் செய்யும் வேலைகளைப் பாருங்கள். துணிக்கடைக் கவரைத் தலையில் மாட்டி இரண்டு கைப்பிடியையும் காதில் கோத்துக்கொண்டவர், சீட்டின் மேல் கவர் மாட்டித் தான் நனைந்துகொண்டு போகிறவர், தன் கோட்டைக் கழற்றிச் சாப்பாட்டுப் பெட்டியின் மேல் போர்த்திக் கொண்டுபோகும் இளைஞர்.

தமிழ்நாட்டில் 2021 மே முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. இது உடுப்பிலும் தெரிகிறது என்பது என் எண்ணம். முன்பு அவசியத்துக்கு மட்டும் பஸ் ஏறிய பெண்கள், இப்போது வீட்டு உடுப்பிலேயே ஒரு ஷாலைப் போட்டுக்கொண்டு நாலு நிறுத்தம் தள்ளிக் காய் வாங்கிவர ஏறுகிறார்கள். இளஞ்சிவப்பு முகப்பு வைத்த பேருந்து வந்து நிற்கும்போது முன் வாசலைப் பார்த்துச் சரியா தவறா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

பேச்சுக் கொடுக்கும் முறை

நோட்டுப் பழகிய பிறகுதான் இது. ஒரு கட்டோ முடிச்சோ புரியாவிட்டால் கேட்டுவிடலாம். பொருளை வாங்கிவிட்டுக் கேட்பது நல்லது.

பூக்கடையில்: “அக்கா, டிசம்பர் பூ வர்றதில்லையா இங்க?” என்று தொடங்குங்கள். “அதெல்லாம் வீட்ல வெச்சிருக்கவங்க கட்டிக்கிறதுப்பா, யாரு வாங்குவா?” என்ற வகையில் ஒரு பதில் வரும், அதிலிருந்து பேச்சு தானே நீளும்.

மாலை போட்டவரை ‘அண்ணா’ என்று கூப்பிடாதீர்கள். வயது எதுவானாலும் ‘சாமி’. மேல்மருவத்தூருக்குச் சிவப்பு உடுத்திப் போகிறவர்களை ‘சக்தி’ என்று அழைப்பது வழக்கம். கன்னிச்சாமி ஒருவரை, பத்து வயதுப் பையனானாலும், ‘தம்பி’ என்றால் கூட இருக்கும் குருசாமிக்கு முகம் சுருங்கும்.

படம் எடுத்தே ஆகவேண்டும் என்றால் கேட்டு எடுங்கள், முகமில்லாமல் எடுங்கள். “அண்ணே, இந்தத் தலைக்கட்டு நல்லா இருக்கு. கட்டு மட்டும் ஒரு படம் எடுத்துக்கட்டுமா? முகம் வராது.” எடுத்ததைக் காட்டுங்கள். ‘வேணாம்பா’ என்றால் “சரிண்ணே” என்று நகர்ந்துவிடுங்கள். காரணம் கேட்க உங்களுக்கு உரிமையில்லை.

வழக்கமாக நடக்கும் தவறுகள்

விநோதத்தை மட்டும் தேடுவது முதல் தவறு. பச்சை முடி வைத்த கல்லூரிப் பையனைப் பார்த்ததும் பக்கம் பக்கமாக எழுதுவார்கள். அவனைச் சுற்றிப் போன நூறு லெக்கின்ஸ்–குர்தாக்களை விட்டுவிடுவார்கள். வெளிர்நீலச் சட்டை, கருநீலப் பேண்ட், கழுத்தில் டேக் என்று ஒரே மாதிரி வருபவர்களிடையே வித்தியாசம் கண்டுபிடிப்பதுதான் கண்ணுக்கு வேலை. டேக்கைச் சட்டைப் பையில் போட்டிருக்கிறாரா, வெளியே விட்டிருக்கிறாரா? மழைக்குப் பயந்தா, வேலை முடிந்துவிட்டது என்றா?

உடுப்பைப் பார்த்து சாதி, மதம், சொந்த ஊர் என்று முத்திரை குத்துவது இரண்டாவது தவறு. ஊகம் தவறினால் குறிப்பு கெட்டது; ஊகம் சரியானாலும் அது உங்கள் வேலையில்லை. கேலி மூன்றாவது. நண்பரோடு போய் நின்று காதைக் கடித்துச் சிரித்தால், எதிரே போகிறவர் தன்னைத்தான் சொல்கிறார்கள் என்று குனிந்து தன் உடுப்பைப் பார்ப்பார். அந்த வேலைக்குப் போகவே வேண்டாம். தனியாகப் போங்கள்.

ஒரே இடத்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நிற்பதும் தவறுதான். கடைக்காரர் பொறுத்துக்கொள்வார், பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்கள் ஏன் பொறுக்க வேண்டும்?

பாதுகாப்பு

இதைத் தாண்டிவிட்டுப் படிக்காதீர்கள்.

மற்றவர் பாதுகாப்பு முதலில். யாரையும் பின்தொடர்ந்து போகக்கூடாது; ஒருவர் உங்கள் பார்வை எல்லையைவிட்டுப் போய்விட்டால் குறிப்பு அத்தோடு முடிந்தது. விருப்பமில்லை என்று தெரிந்த பின்னும் ஒரு பெண்ணைத் திரும்பத் திரும்பத் தொடர்வது பாரதிய நியாய சன்ஹிதாவின் 78-ஆம் பிரிவில் குற்றம். நனைந்த உடுப்போடு நிற்பவரை எழுதவும் வேண்டாம், படம் எடுக்கவும் வேண்டாம், பார்வையைத் திருப்பிக்கொள்ளுங்கள். பள்ளிப் பிள்ளைகளைப் படம் எடுக்கவே கூடாது. மின்ரயிலில் பெண்கள் பெட்டியில் ஆண்கள் ஏறக்கூடாது என்பதைச் சொல்லவேண்டியிருக்கிறது. யாராவது ‘என்னத்துக்கு எழுதறீங்க?’ என்று கேட்டால் நோட்டை அப்படியே காட்டுங்கள். காட்ட முடியாத ஒரு வரி அதில் இருந்தால் அந்த வரி இருந்திருக்கவே கூடாது.

கேமரா வேண்டாம் என்றதற்கு இதுவே பாதிக் காரணம். மீதிக் காரணம், தாம்பரத்தில் விமானப்படைத் தளம் இருக்கிறது, வழியில் மீனம்பாக்கம் விமான நிலையம் இருக்கிறது. படமெடுக்கத் தடை என்று பலகை வைத்த சுவர்களின் பக்கம் செல்போனைத் தூக்கினால் விளக்கம் சொல்லியே பொழுது போய்விடும்.

இனி உங்கள் பாதுகாப்பு. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பதிவானது, முடிச்சூர் பக்கம் வீடுகளின் முதல் தளம்வரை தண்ணீர் ஏறியது. ஆகவே:

1. ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கை நாட்களில் வெளியே போகாதீர்கள். தூறலும் விட்டுவிட்டுப் பெய்யும் மழையும்தான் நமக்கு வேண்டியது. கொட்டும்போது எல்லோரும் ஒதுங்கிவிடுவார்கள். பார்க்கவும் ஒன்றும் இருக்காது.

2. தேங்கிய தண்ணீரில் முன்னால் ஒருவர் நடந்துபோன தடத்திலேயே நடங்கள். மூடியில்லாத மழைநீர்க் கால்வாய் எங்கே என்று தண்ணீருக்கு மேலிருந்து தெரியாது.

3. தெருவிளக்குக் கம்பம், மின்பெட்டி, ஸ்டே கம்பி எதிலும் சாயாதீர்கள். அறுந்த கம்பியைக் கண்டால் விலகி நின்று மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

4. தண்டவாளத்தைக் குறுக்கே கடக்காதீர்கள். மழைச் சத்தத்தில் வண்டி வருவது கேட்காது. நடைமேம்பாலமும் சுரங்கப்பாதையும் இருக்கின்றன. சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால் மேம்பாலம்தான்.

5. படியின் முடிவிலும் ரயில் வாசலிலும் நிற்காதீர்கள். மழைநாளில் வழுக்குவது அங்கேதான்.

6. பெண்கள் தனியாகப் போவதானால் மாலையைவிடக் காலையே வசதி. தொந்தரவு வந்தால் பெண்கள் உதவி எண் 181, ரயிலில் 139.

வீட்டுக்கு வந்ததும் காலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சேற்றுப்புண் வந்தால் இரண்டு வாரம் வெளியே நிற்க முடியாது.

நோட்டை என்ன செய்வது?

அன்று இரவே ஒருமுறை படித்து, சுருக்கி எழுதியதை விரித்துவிடுங்கள். ‘மஞ்.கா.’ என்று எழுதியது மஞ்சள் காலரா, மஞ்சள் காலணியா என்பது மூன்றாம் நாள் உங்களுக்கே தெரியாது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரக் குறிப்புகளை ஆள்வாரியாகப் பார்க்காமல் செயல்வாரியாகப் பிரியுங்கள்: மடித்தது, செருகியது, முடிந்தது, போர்த்தியது, கையில் எடுத்துப்போனது. எந்தக் கட்டு பெருத்திருக்கிறதோ அதில்தான் உங்களுக்கு எழுத விஷயம் இருக்கிறது. வரைபவராக இருந்தால் முகமில்லாமல் அந்தக் கைகளை மட்டும் வரையுங்கள்.

தை பிறந்ததும் இந்த நோட்டை மூடிவிடலாம். மழை நின்ற பிறகு எடுக்கும் குறிப்புகளை இதிலேயே சேர்க்காதீர்கள்; குடை, கைக்குட்டை, நிழல் என்று வெயில் கால உடுப்புக்குக் கேள்விகள் வேறு. அவற்றை அடுத்த அத்தியாயத்தில் பார்க்கலாம்.